ரிஜெக்ட் அண்ணன் வைத்த சிவப்புப் புள்ளி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிஜெக்ட் அண்ணன் ஒரு முறையாவது கழித்துத் தள்ளாத பொருள் என்று எதுவும் கிடையாது. இரும்பு, பித்தளை, டீ, வடை, கல்யாணப் பந்தல், மழை எல்லாமே அவர் முன்னால் வந்து தலைகுனிந்து திரும்பியவைதான். ஒரு தடவை ஒரு மலையையே கழித்திருக்கிறார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தது. அங்கே தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை. ஒரு நாள் கூரியர்காரர் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார். வாட்ச்மேன், "அப்படி யாரும் இங்க இல்லப்பா" என்றார். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணனும், "ஆமா நைனா, அந்தப் பேர்ல இங்க யாரும் கெடையாது" என்று சாட்சி சொன்னார். கூரியர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான், "ஐயையோ, அது நான்தான்!" என்று டம்ளரோடு ஓடினார்.

எங்கள் கம்பெனி சின்னது. டிராக்டருக்குப் போகிற புஷ் கடைந்து கொடுப்போம். புஷ் என்றால் பெரிய விஷயமில்லை, நடுவில் ஓட்டை உள்ள ஓர் இரும்பு வளையம். லேத்தில் கடைந்த வளையம் அண்ணன் மேஜைக்கு வரும். அவர் அளந்து, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது என்னிடம் வரும். நான் டெஸ்பாட்ச். பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. ஆக, லாரிக்கும் எனக்கும் நடுவில் ரிஜெக்ட் அண்ணன் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சட்டைப் பையில் இரண்டு பெயிண்ட் பேனா வைத்திருப்பார். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. கழித்த வளையத்துக்குச் சிவப்புப் புள்ளி. ஒரு லாட்டின், அதாவது ஒரே தடவையில் கடைந்த குவியலின், முதல் வளையம் அப்பழுக்கில்லாமல் வந்தால் அதற்குப் பச்சைப் புள்ளி. சிவப்புப் பேனா மாதத்துக்கு நாலு வாங்குவோம். பச்சைப் பேனா நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த அதே பேனா.

"அண்ணே, லாரி நிக்குது. இந்த ஒரு பெட்டியை மட்டும் விட்டுருங்களேன்" என்று நான் கெஞ்சாத நாளில்லை.

"லாரி நிக்கட்டும்மா. நின்னா இன்னா, காலு வலிக்குமா அதுக்கு? இந்தப் புஷ்ஷு உள்ள ஒரு கீறல் கீது பாரு."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"அதனாலதான் நீ டெஸ்பாட்ச்."

வீட்டிலும் இதே கதைதான். திருமழிசையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இட்லித் தட்டை ஏந்திய அவர் மனைவி, தேர்வு எழுதிய பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஓர் இட்லியைப் புரட்டிப் பார்த்து, "ஒரு பக்கம் எறங்கிக் கீது" என்று தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்தார். பிறகு அதையும் சாப்பிட்டார். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை அரைமணி நேரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டார் எதிரிலேயே, "பரவால்ல, முன்னபின்ன கீது, ஆனா அளவுக்குள்ள கீது" என்றார். கல்யாணம் நடந்தது. அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான் என்று பெண்ணின் அம்மா எடுத்துச் சொன்ன பிறகு நடந்தது.

மார்ச் கடைசி முடிந்தால் எங்கள் கம்பெனிக்கு மூச்சு வரும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றி முதலாளி எங்காவது அழைத்துப் போவார். அந்த வருடம் ஜவ்வாது மலை. மலைமேல் ஓர் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, பங்குனியில் குளுகுளுவென்று இருக்கும் என்று லேத் ஓட்டும் குமார் சொல்லியிருந்தான். அண்ணன் கையால் அதிகப் புள்ளி வாங்கிய ஆள் குமார்தான். பாசமும் அவன்மேல்தான் அதிகம்.

பூந்தமல்லி தாண்டும் வரை அண்ணன் தூங்கினார். வேலூருக்கு முன்னால் எழுந்து வேனின் சீட்டைக் கழித்தார். மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னாடா குமாரு, ஒரு வளைவு பெருசா கீது, ஒரு வளைவு சிறுசா கீது? ஒரே மாதிரி போட்டா இன்னா?" என்றார்.

"அண்ணே, இது மலை. லேத்துல வெச்சா கடைஞ்சாங்க?"

"அதான் தெரியுதே" என்று ஜன்னலை மூடினார். மலையைக் கழித்தது இப்படித்தான்.

மேலே போனால் வேறு உலகம். இலுப்பை மரத்தடியில் பூ கொட்டிக் கிடந்தது, வழியெல்லாம் இனிப்பாக ஒரு வாசனை. பூவரசும் புங்கையும் புதுசாகத் துளிர்த்திருந்தன. நாங்கள் இருபத்திரண்டு பேரும் ஏரியைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடினோம். அண்ணன் மட்டும் நிதானமாகப் படகுத்துறைக்குப் போய், மிதிக்கிற படகு ஒவ்வொன்றின் அடியிலும் கையை விட்டுத் தடவினார்.

"இதுல நட்டு லூசு. இதுல மிதி கட்டை ஆடுது. இது உள்ள தண்ணி நிக்குது. மூணும் வேணாம், தள்ளி வை."

படகுக்காரர் வெலவெலத்துப்போய், "சார், நீங்க எந்த டிபார்ட்மென்ட்டு?" என்றார்.

"இன்ஸ்பெக்‌ஷன்."

பொய் இல்லை. படகுக்காரர் மூன்று படகையும் கட்டிப்போட்டார். மிச்சம் இருந்தது ஒரே படகு. இருபத்திரண்டு பேரும் முறை வைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் மிதித்தோம். அன்று அண்ணனைத் திட்டாதவர் இல்லை. இதையெல்லாம் கரையில் படி கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அண்ணன் முறை வந்தது. மூக்குக்கண்ணாடி தண்ணீரில் விழுந்துவிடும் என்று கழற்றிப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். படகில் ஒரு சுற்றுப் போய் வந்தவர் கண்ணாடியைத் திரும்ப வாங்க மறந்து, படி கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டார். கரையில் தோண்டி எடுத்த கற்கள் படிக்காக அங்கே குவிந்து கிடந்தன. கல் என்றாலும் அது ஒரு லாட்தானே. அவரால் சும்மா போக முடியுமா? இடுப்பிலிருந்து டேப்பை உருவினார்.

குவியலின் ஓரத்தில் சேறு அப்பிய நீளக்கல் ஒன்று கிடந்தது. "மேல வட்டமா கீது, கீழ கோணலா கீது, நடுவுல மேடும் பள்ளமுமா கீது. இதுல கால வெச்சா மனுசன் ஏரியிலதான் போய் வுழுவான்" என்றார். சேற்றின்மேல் பெயிண்ட் ஒட்டாது என்பதால், மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துணியால் அழுத்தித் துடைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் அழகாக ஒரு புள்ளி வைத்தார். விடுமுறை நாளில்கூட மனிதர் வேலை செய்கிறாரே என்று நான் அதைப் போனில் படம் எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடும்போது குமார் என் போனை வாங்கிச் சுற்றுலாப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தான். அந்தப் படத்தில் நின்றான். இரண்டு விரலால் பெரிதாக்கினான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அண்ணே, கண்ணாடியப் போட்டுகினு இதப் பாருங்க."

அண்ணன் துடைத்திருந்த அந்த உள்ளங்கை அகலத்தில் ஒரு முகம் இருந்தது. கொண்டை இருந்தது, கண் இருந்தது, மீசை இருந்தது. சேற்றுக்கு நடுவே ஒரு வில்லின் நுனியும் தெரிந்தது. சிவப்புப் புள்ளி அந்த முகத்தின் நெற்றியில் சரியாக நடுவில் இருந்தது.

"இது நடுகல்லுண்ணே. அந்தக் காலத்துல சண்டையில செத்தவங்களுக்கு வெப்பாங்க. மலைக்காரங்களுக்கு சாமி."

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மூடினார். சாயங்காலம் முதலாளி அறைக்குப் போய் இரண்டு பேனாவையும் மேஜைமேல் வைத்தார்.

"என்னய்யா?"

"கண்ணு போச்சு மொதலாளி. கல்லுல ஒரு மூஞ்சி கீது, அது எனக்குத் தெரில. புஷ்ஷுக்குள்ள கீற கீறல் மட்டும் தெரியுமா? இனிமே நான் பாஸுன்னாலும் பொய்யி, ரிஜெக்ட்டுன்னாலும் பொய்யி."

"கண்ணாடி போடலைய்யா நீ. அவ்வளவுதான்."

"கண்ணாடி போடாத நேரத்துல புள்ளி வெச்சேனே, அது யாரு தப்பு?"

எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் சிரிப்பு நின்றது. அண்ணன் தினமும் வந்தார், மேஜையில் உட்கார்ந்தார், வளையத்தை எடுத்துப் பார்த்தார், அப்படியே திரும்ப வைத்தார். கழிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. வாங்குகிற கம்பெனியோ அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட வாங்காது. பெட்டிகள் என் மேஜை உயரத்துக்கு ஏறின. ஒரு வாரத்தில் என்னையே அதற்குப் பின்னால் தேடவேண்டியிருந்தது. இத்தனை வருடம் எந்த வார்த்தையைக் கேட்டு நான் பல்லைக் கடித்தேனோ, அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வராதா என்று காத்துக் கிடந்தேன். குமார் வேண்டுமென்றே ஒரு வளையத்தைக் கோணலாகக் கடைந்து அவர் முன்னால் வைத்தான். அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீற மாதிரி கீது, எனக்கு இன்னா தெரியும்" என்றார். குமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் வேலையை விட்டுவிடப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. நான்தான் அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணே, தப்பான புள்ளி வெச்சா நம்ம கம்பெனியில என்ன செய்வோம்?"

"தின்னர் போட்டுத் தொடைப்போம்."

"வாங்க, போய்த் துடைச்சிட்டு வரலாம்."

பத்து நாளில் அன்றுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் குமாரும் பஸ் ஏறினோம். அண்ணன் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு பாட்டில் தின்னர், ஒரு கட்டு பனியன் துணி, ஒரு தேங்காய், கற்பூரம். மூடி வழியே கசிந்து தின்னர் வாசனை பஸ் முழுக்கப் பரவியது. "யாருய்யா பெயிண்ட் கடைய பஸ்ல ஏத்தினது? எறக்குங்கய்யா அத!" என்று கண்டக்டர் கத்தினார். வேலூர் பஸ் நிலையத்தில் தின்னரைக் கொட்டவேண்டியதாயிற்று. "பரவால்ல, மலையில ஏதாவது கடை இருக்கும்" என்றேன். அண்ணன் காலி பாட்டிலைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏரிக்கரைக்குப் போனோம். கல் குவியலைக் காணோம். படி கட்டி முடித்திருந்தார்கள். சிமென்ட் பூசி, தண்ணீர் வரைக்கும் வரிசையாக இறங்கியது. அதன்மேல் ஜனங்கள் செருப்புக் காலோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் முதல் படியில் மண்டியிட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டாவது படி, மூன்றாவது படி. வருகிறவர்களிடம், "ஏம்மா, கொஞ்சம் காலை எடு, கொஞ்சம் காலை எடு" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் வரைக்கும் இறங்கினார். முழங்கால் வேட்டியெல்லாம் சிமென்ட். அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கரையில் கலவைச் சட்டி கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் குமார் ஓடினான். "மேஸ்திரி, சிவப்புப் புள்ளி வெச்ச கல்லு ஒண்ணு இருந்துதே, அது எந்தப் படியில போச்சு?"

"அதுவா? அத நாங்க எடுக்கலீங்களே" என்றார் மேஸ்திரி. "அன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. மூணு படகை நிறுத்திட்டு, அப்படியே இங்க வந்து இந்தக் கல்லு வேணாம்னு பெயிண்ட் வெச்சிட்டுப் போனாரு. அவரு கழிச்சத நாங்க வெச்சா பில்லு பாஸாகுமா? தூர உருட்டிட்டோம். மிச்சக் கல்லெல்லாம் சிமென்ட்டுக்குள்ள போயிடுச்சு. இதுக்கு மட்டும் நேரம் நல்லா இருந்திருக்கு. மறுநாளே மழை, சேறு கரைஞ்சுது, பாத்தா எங்க சாமி வேடியப்பன்."

இலுப்பை மரத்தடியைக் காட்டினார். அங்கே பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள். பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருந்தது. கல்லைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நட்டு நிறுத்தியிருந்தார்கள். வில்லோடு ஒரு மனிதர், காலடியில் ஒரு நாய். நெற்றியில் அண்ணனின் புள்ளி அப்படியே பளபளத்தது. அதன்மேல் யாரும் குங்குமம் வைக்கவில்லை.

பூசாரி சொன்னார்: மாட்டை மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவராம், எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று யாருக்கும் தெரியாதாம். போன வருடம் பொக்லைன் வைத்துக் கரையைத் திருத்தியபோது கல் எங்கேயோ மண்ணுக்குள் போய்விட்டது. ஊரே தேடியிருக்கிறது. சாமி இல்லாமல் எப்படிச் சித்திரைப் பொங்கல் வைப்பது என்று கலங்கிப்போயிருந்தார்களாம்.

அண்ணன் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார்.

"சாமி, அந்தப் புள்ளிய வெச்சது நான்தான். அது பொட்டு இல்ல. எங்க கம்பெனியில அதுக்கு ரிஜெக்ட்டுனு அர்த்தம். கழிச்சுட்டேன்னு அர்த்தம். தெரியாம வெச்சுட்டேன். தொடைச்சுடறேன், மன்னிச்சுக்கோங்க."

நானும் குமாரும் ஓடுவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டோம். பூசாரி அண்ணனின் கையைப் பிடித்தார்.

"பெயிண்ட்டுன்னு எங்களுக்குத் தெரியாதாங்க? மேஸ்திரி எல்லாம் சொன்னாரு. நீங்க கழிக்காம இருந்திருந்தா எங்க சாமி இந்நேரம் செருப்புக் காலுக்கு அடியில இருக்கும். அதனாலதான் அத அழிக்காம வெச்சிருக்கோம். தொடாதீங்க."

அண்ணன் கல்லுக்கு இன்னும் ஓர் அடி கிட்டே போனார். பிறகு சன்னக் குரலில், "பக்கத்துல பச்சைப் புள்ளி ஒண்ணு வெச்சுக்கட்டுமா?" என்றார். பூசாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அண்ணன் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார், குலுக்கினார், உள்ளங்கையில் தட்டினார், ஊதினார். பேனா காய்ந்துபோயிருந்தது. எப்போது காய்ந்தது என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு.

அதோடு விட்டாரா? இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "சாமி, கோச்சுக்காதீங்க. லேசா இடது பக்கம் சாஞ்சு கீது" என்றார். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார். பிறகு நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்ப, அண்ணன் குனிந்து குனிந்து பார்த்துச் சில்லுக்கல் அடைக்கச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் வேடியப்பன் நிமிர்ந்து நின்றார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பொங்கல் கிடைத்தது. பொங்கல் கொஞ்சம் குழைந்துவிட்டது என்று அண்ணன் என் காதில் மட்டும் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. என் பெட்டிகளில் மேலே இருந்ததைத் திறந்து, முதல் வளையத்தை எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"இன்னாடா குமாரு, கடைஞ்சியா, கடிச்சியா? ரிஜெக்ட்!"

குமார் லேத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினான். முதலாளி அறையை விட்டு வெளியே வந்து பார்த்தார். வெளியே லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. எனக்கு அன்று அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அண்ணன் ரிட்டயராகி இப்போது திருமழிசையில் இருக்கிறார். நான் மாங்காட்டில் வீடு கட்டிக் குடிபோனபோது கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். பந்தியில் உட்காருவதற்கு முன்னால் வாசல் நிலைப்படியில் டேப்பை வைத்து அளந்தார். "ரெண்டு மில்லி ஒசந்து கீது" என்று சொல்லி, யாரும் பார்க்காத நேரத்தில் கீழ் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போனார். என் மாமியார் மூன்று நாள் திட்டினார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. இரண்டு தடவையும் பெயிண்டரிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: அந்தப் புள்ளியை விட்டுவிட்டு அடியுங்கள்.